“நடிக்கிறாளோ?” என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

சிறையிலிருந்து வரும் கர்ப்பிணிகள் பிரசவ அறைக்குத் தாமதமாகவே வந்து சேர்கிறார்கள். ஏன் என்று சிறைக் காவலர்களிடம் கேட்டால், “வெளியே போக நடிக்கிறாளோ என்று நினைத்தோம்” என்ற பதில் சலிக்காமல் வருகிறது.

வயிற்றில் கை வைத்து வலியின் இடைவெளியைக் கணக்கிட்டு, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதித்தால்தான் பிரசவ வலியா இல்லையா என்பது தெரியும். உண்மையாகவே வலித்தாலும் பிரசவமாக மாறாத ‘பொய் வலி’யைப் பிரித்தறிய, பிரசவ அறையில் வேலை செய்யும் எங்களுக்கே சில மணி நேரக் கண்காணிப்பு தேவைப்படும். பூட்டிய கம்பிக்கு வெளியே நின்று முகத்தைப் பார்க்கும் காவலரால் அது எப்படி முடியும்? அதிலும் இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் காத்திருக்க நேரமே இருக்காது. அழைத்து வந்த பிறகு பிரசவ வலி இல்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பினால் வீணாவது கொஞ்சம் டீசல்தான்.

பனிக்குட நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல்: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. வழிக்காவலுக்கு வரும் போலீசார் பின்னால் வரட்டும். 36 வாரம் தாண்டியவர்களின் பட்டியலும் மருத்துவமனைக்கு அனுப்பும் அனுமதி உத்தரவும் இரவுப் பணியில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். பிரசவத்தின்போதும் பிரசவம் முடிந்த உடனேயும் விலங்கு பூட்டக் கூடாது என்று பெண் கைதிகளுக்கான ஐ.நா.வின் பாங்காக் விதிகள் 2010-லேயே சொல்லிவிட்டன. வலிப்பு வந்தவரை இடப்பக்கம் சாய்க்க வேண்டிய நொடியில் சாவியைத் தேட முடியாது.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே கைப்பிடியாகக் கொடுக்காதீர்கள். 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வழக்கறிஞர்களே, ஜாமீன் மனுவோடு ஸ்கேன் அறிக்கையையும் பிரசவத் தேதியையும் இணையுங்கள். இயன்றவரை பிரசவம் சிறைக்கு வெளியே நடக்கத் தற்காலிக விடுப்பு தரவேண்டும் என்பது, சிறையில் உள்ள தாய்மார்களையும் குழந்தைகளையும் பற்றிய உபாத்யாய் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறப்புப் பதிவில் சிறையைப் பிறந்த இடமாகக் குறிக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. வழக்கறிஞர் இல்லாத பெண்ணுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம், அதற்கான உதவி எண் 15100.

பிரசவம் முடிந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், தூக்கமில்லாமல் தொடர்பின்றிப் பேசினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது தாயை மட்டும் சிறைக்குக் கூட்டிப் போகாதீர்கள், தயவுசெய்து. வேறு வழியே இல்லையென்றால், இரவிலும் சேர்த்து 2–3 மணிக்கொரு முறை பால் பீய்ச்ச அவளுக்குச் சுத்தமான பாத்திரமும் மறைவான இடமும் கொடுங்கள். அந்தப் பால் குழந்தைக்குப் போய்ச் சேர ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.