கொரோனா ஊசி உங்களுக்குப் போட்டாச்சு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

2022 ஏப்ரலில் ஒரு நாள் என் கிளினிக்குக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுபவர், நாற்பது வயது இருக்கும், வடசென்னை கொருக்குப்பேட்டையில் வீடு. இரண்டு நாளாக இருமல், தொண்டை கரகரப்பு. உள்ளே வரும்போது மாஸ்க் இல்லை. நர்ஸ் ஒன்றை எடுத்து நீட்டியதும், "இன்னா டாக்டரம்மா, ரெண்டு ஊசியும் போட்டாச்சு. கெவர்மென்ட்டே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இன்னும் இது எதுக்கு?" என்றார். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதில் சொல்வதற்கு முன்னால் நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். வீட்டில் யார் யார் இருக்கீங்க? மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். எல்லோருக்கும் சேர்த்து ஒரே அறை.

அந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் போட்ட கொரோனா உத்தரவுகளை மத்திய அரசு மார்ச் 31ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. சில நாளில் தமிழ்நாட்டிலும் மிச்சமிருந்த கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. மாஸ்க் போடுங்கள், கை கழுவுங்கள் என்ற அறிவுரை மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் இரண்டு வருஷமாக அபராதத்தோடு சேர்த்தே மாஸ்க்கைப் பார்த்துப் பழகியிருந்தோம். அபராதம் போனதும் அதற்கான காரணமும் போய்விட்டது என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளர்வு வந்ததில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். 2020 ஜூனில் சென்னையிலேயே அதிக பாதிப்பு ராயபுரம் மண்டலத்தில்தான் இருந்தது. தெருவைத் தகரம் அடித்து மூடினார்கள். ஊரடங்கு என்றால் வீட்டுக்குள்ளேயே இருப்பது. எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருந்தால் அது எப்படி முடியும்? லோடு இறக்குபவர், மீன் கூடை தூக்கும் அம்மா, வீட்டு வேலைக்குப் போகிறவர் யாருக்கும் அன்றன்றைக்குக் கூலி வந்தால்தான் அடுப்பு எரியும். அந்த மாதங்களில் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர். டிபி மருந்தைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோதும் இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு என்று மறுபடி ஒரு சுற்று பார்த்தோம். அந்த நாட்கள் திரும்பி வர வேண்டும் என்று நான் நினைக்கவே மாட்டேன். வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஊசி என்ன செய்தது என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசியால் பயனில்லை, போட்டவர்களுக்கும்தானே வந்தது என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்களின் கணக்கே இதற்குப் பதில் சொல்கிறது. 2021 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை, இரண்டாம் அலை மோசமாக இருந்த ஒரு மாதத்தை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு டோஸும் போட்டிருந்த 67,673 பேரில் இறந்தவர்கள் 4 பேர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர்தான், அவர்களில் 20 பேர் இறந்துபோனார்கள். எல்லோரும் அதே வெயிலில், அதே செக்போஸ்ட்டுகளில், அதே கூட்டத்துக்கு நடுவில் நின்றவர்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனை தன் ஊழியர்களிடம் பார்த்ததும் இதைப் போன்றதுதான். இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆக்சிஜன் தேவைப்படுவது 92 சதவீதம் குறைந்தது, ஐசியூவுக்குப் போவது 94 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், தொற்று வராமல் தடுத்தது 65 சதவீதம்தான். நான் பேச வருவது இந்த இடைவெளியைப் பற்றி.

ஊசி போட்டதும் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் நிறைய உருவாகிறது. மூக்கு, தொண்டையின் ஈரப்பரப்பில் அவ்வளவு இருப்பதில்லை. மாதங்கள் போகப் போக ரத்தத்தில் இருப்பதும் குறையும். ஆனால் கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவு அணுக்கள் உடம்பில் தங்கிவிடும். கிருமி வந்தால் அவை விழித்து, மறுபடி எதிர்ப்பொருள் தயாரித்து, நுரையீரல் வரை இறங்காமல் பார்த்துக்கொள்ளும். அதற்குச் சில நாள் பிடிக்கும். அந்த நாட்களில் கிருமி மூக்கில் பெருகி, பேச்சிலும் இருமலிலும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். உங்களுக்கு அது வெறும் தொண்டைக் கரகரப்பு. அது போய்ச் சேரும் ஆளுக்கு என்ன ஆகும் என்பது அவர் வயதையும், அவர் உடம்பையும், அவர் ஊசி போட்டிருக்கிறாரா என்பதையும் பொறுத்தது.

அந்த ஜனவரியில் காசிமேட்டில் ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. மீன்பிடி போட்டில் போகும் மகனுக்கு இரண்டு டோஸும் முடிந்திருந்தது. லேசாக ஜலதோஷம், உடம்பு வலி, இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டெஸ்ட் எடுக்கவில்லை, மாஸ்க்கும் போடவில்லை. வீட்டில் எழுபது தாண்டிய ஆயா (பாட்டி). அவருக்கு ஒரு ஊசி கூடப் போடவில்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்டு இரண்டாம் நாள் மாரடைப்பில் இறந்தபோது பிடித்த பயம் அது. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு பிறகு சொன்னது. பயம் ஒரே நாளில் சந்து சந்தாகப் போனது, விளக்கம் அந்த வீடு வரை வந்து சேரவே இல்லை. ஆயாவுக்கு கொரோனா வந்தது, பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்து வந்துவிட்டார். அதன் பிறகு தெருக்குழாய் வரை நடந்தாலே நின்று மூச்சு வாங்கினார். மகன் என் எதிரில் உட்கார்ந்து, "நான்தான் கொண்டாந்து குடுத்துட்டேனா டாக்டர்?" என்று கேட்டார். எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரம்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்னெச்சரிக்கை டோஸ் எனப்பட்ட மூன்றாவது ஊசி உட்பட மூன்றும் போட்டிருந்தார். சுகரும் பி.பி.யும் கட்டுக்குள் இருந்தது. இரண்டு வருஷமாக வாசல்படி தாண்டாமல் இருந்தார். பேரனைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். முழங்கால் இறுகிவிட்டது, தூக்கம் இல்லை, பேச்சில் ஒரு சோர்வு. அவரிடம் நான் மாஸ்க் பற்றிப் பேசவில்லை. காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் பார்க்கில் அரை மணி நேரம் நடங்கள் அம்மா, திறந்தவெளியில் மாஸ்க் கூட வேண்டாம் என்றேன். பேரனுக்குச் சளி இல்லாத நாளில் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எச்சரிக்கை என்பது வாழ்க்கையை நிறுத்தி வைப்பது ஆகிவிடக் கூடாது. இப்படி வீட்டோடு ஒடுங்கிப்போன பெரியவர்கள் வடசென்னையில் நிறைய இருந்தார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் வெளியே வரவே இல்லை, அதனால் நம் கண்ணில் படவில்லை.

அதனால்தான் எல்லோருக்கும் ஒரே அளவு என்று நான் சொல்வதில்லை. வீட்டிலேயே உடம்பு பலவீனமானவர் யார் என்று பாருங்கள். உங்கள் எச்சரிக்கையின் அளவை அவரை வைத்து முடிவு செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், ஊசியும் முடிந்தது என்றால் கொஞ்சம் தளர்ந்தே இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளி, சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருந்தால் கணக்கே வேறு. இவர்கள் உடம்பு ஊசிக்குப் பதில் கொடுப்பதே குறைவு. இரண்டு டோஸ் போட்டும் முழுப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. அவர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பைச் சுற்றி இருப்பவர்கள்தான் தர வேண்டும். வீசிங் (மூச்சிரைப்பு) நோயாளிகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பலும், மணலித் தொழிற்சாலைகளும், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையும் சேர்ந்து நம் பகுதி நுரையீரல்களை ஏற்கெனவே சோர வைத்திருக்கின்றன. மாஸ்க் போட்டிருந்த அந்த இரண்டு வருஷத்தில் வீசிங் குறைவாக வந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அவர்கள் தளர்வு வந்தாலும் தூசிக்காகவாவது அதை வைத்துக்கொள்ளட்டும்.

இடத்தையும் பாருங்கள். காற்று ஓடாத இடத்தில் கிருமி மணிக்கணக்கில் மிதக்கும். காசிமேட்டில் கடல் காற்றில் நின்று மீன் வாங்கும்போது இருக்கும் ஆபத்தைவிட, ஏசி போட்டுக் கதவை மூடிய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நெருக்கியடித்து நிற்கும்போது இருக்கும் ஆபத்து பெரியது. ஷேர் ஆட்டோ, மெட்ரோ, ஆஸ்பத்திரி, கிளினிக் வரிசை, இங்கெல்லாம் மாஸ்க் போடுங்கள். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் அதில் பிரயோஜனம் இல்லை. ஒரே துணி மாஸ்க்கைத் துவைக்காமல் வாரக்கணக்கில் போடுவதற்கும் அதே நிலைதான். ரமலான் நோன்புக் கஞ்சி, சித்திரைத் திருவிழா, கல்யாணம் எதற்கும் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருமல், காய்ச்சல் இருக்கிற நாளில் மட்டும் போகாதீர்கள். இந்த ஒன்றை எல்லோரும் பிடித்துக்கொண்டால் மற்ற பாதிக் கட்டுப்பாடுகள் தேவையே இருக்காது.

அப்புறம் முன்னெச்சரிக்கை டோஸ். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, இரண்டாவது டோஸ் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தால், அப்போது அரசு மையத்தில் இலவசமாகப் போட்டார்கள். 2022 ஏப்ரல் 10 முதல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் போடலாம் என்று திறந்துவிட்டார்கள், ஆனால் தனியார் மையத்தில்தான். அப்போது ஊசி 225 ரூபாய், அதற்கு மேல் சேவைக் கட்டணம் 150 வரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 1,500 ரூபாய் ஆனது. மூட்டை தூக்குபவரிடம் போய் இதை நான் எந்த வாயால் சொல்வது? முதல் இரண்டு டோஸும் இலவசமாக, தெருமுனை முகாமில் கிடைத்ததால்தான் இந்தப் பகுதியில் இவ்வளவு பேர் போட்டார்கள். 2021 செப்டம்பரில் தொடங்கிய மாபெரும் முகாம்களின்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கப் போனவர் கூடையோடு வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். மூன்றாவது டோஸும் அப்படியே எல்லோருக்கும் வர வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். இரண்டாவது டோஸ் போடாமல் விட்டவர்கள் கடலுக்குப் போகும் மாதங்களில், "காய்ச்சல் வந்தா ஒரு டிரிப் போயிடும் டாக்டரம்மா" என்று தள்ளிப் போட்டார்கள். தடைக்காலத்தில் அந்தத் தயக்கம் வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னேன். ஊசி போட்ட அன்று ஒரு நாள் உடம்பு வலித்தால் படுத்துக்கொள்ளலாம் என்றேன். பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 2022 மார்ச் 16 முதல் கோர்பிவாக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசி போட்டார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள் என்றேன். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை கொண்டு வரும் சகோதரிகளிடம் வீட்டுப் பெரியவர்களின் ஊசிக் கணக்கையும் காட்டிக் கேட்கச் சொன்னேன். எங்கே, எந்த நாளில் போடுவார்கள் என்று அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள் என்றேன்.

அந்த டிரைவருக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், நெகட்டிவ் வந்தது. ஆனாலும் இருமல் நிற்கும் வரை மொட்டைமாடியில் படுக்கச் சொன்னேன். அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கும்போதும், மருந்து கொடுக்கும்போதும் மட்டுமாவது மாஸ்க் போடுங்கள் என்றேன். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டாவது டோஸ் முந்தைய ஜூலையில் போட்டது, அந்த மாதத்தோடு ஒன்பது மாதம் நிறைந்தது. டிரைவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. போனில் சான்றிதழைத் திறந்து தேதியைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் இல்லை, அன்று காலையில் வண்டி எடுக்காமல் அம்மாவை ஊசிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். போகும்போது நர்ஸிடம் இன்னும் இரண்டு மாஸ்க் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.