பட்டாம்பூச்சியின் பெயரில் ஒளிந்திருக்கும் எகரம்

ஜார்ஜிய மொழியில் பட்டாம்பூச்சியின் பெயர் பெப்பெலா. மேற்கு ஜார்ஜியாவில் பேசப்படும் மெக்ரேலிய மொழியில் பர்ப்பலியா. துருக்கியின் கருங்கடல் ஓரத்தில் வாழும் லாஸ் மக்களுக்கு அது பர்ப்பலி. மூன்றும் கார்ட்வேலியக் குடும்பத்து மொழிகள். காகசஸ் மலைநாட்டு ஸ்வான் நான்காவது. இவற்றுள் 5-ஆம் நூற்றாண்டு முதல் கல்வெட்டுச் சான்று உள்ளது ஜார்ஜியத்துக்கு மட்டுமே. மற்றவற்றின் பழமையை மக்களின் பேச்சிலிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டும்.

ஓசை ஒத்திருப்பதால் மூன்றுக்கும் வேர் ஒன்று என்று சொல்லிவிடலாமா? கூடாது. லத்தீனில் பாப்பிலியோ, மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் பாப்பாலோட்ல், ஹீப்ருவில் பர்பர். இவை ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகள். சிறகடிப்பை உதடு தட்டும் ஒலியால், அதுவும் இரட்டித்துச் சொல்லத் தோன்றுவது மனித இயல்பு; நம் 'படபட'வும் அந்த வகைதான். ஆகவே கண்ணைப் பறிக்கும் பகரத்தை நம்பாமல், அதன் பின்னால் அடக்கமாக நிற்கும் உயிரொலியைக் கவனிக்க வேண்டும்.

பூச்சியோடு தொடர்பே இல்லாத சொற்களைப் பாருங்கள். 'ஒன்று' என்பது ஜார்ஜியத்தில் எர்தி, மெக்ரேலியத்தில் அர்தி. 'ஆறு' எக்வ்ஸி, லாஸில் அஷி. 'நான்' என்பதற்கு ஜார்ஜியர் மெ என்கிறார்கள், மற்ற இருவரும் ம என்கிறார்கள். அங்கே எகரம், இங்கே அகரம். அப்படியானால் ஜார்ஜிய அகரத்துக்கு இணை எது? 'மனிதன்' கட்ஸி, மெக்ரேலியத்தில் கொச்சி. 'நாய்' ட்ஸக்லி, அங்கே ஜொகொரி. அகரத்துக்கு ஒகரம். இத்தகைய இணைகளைத் திரட்டித்தான் கியோர்கி கிளிமோவ் 1964-இல் இக்குடும்பத்தின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்.

இப்போது பூச்சிக்குத் திரும்புவோம். மூதாதை மொழிச் சொல்லில் அகரம் இருந்திருந்தால் மெக்ரேலியர் இன்று 'பொர்ப்பொலியா' என்றல்லவா சொல்ல வேண்டும்? ஜார்ஜியரிடம் கடன் வாங்கியிருந்தால் எகரமே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. இரண்டு அசைகளிலும் விதி பிசகாமல் பொருந்துகிறது. ஒலிக்குறிப்புச் சொல்லை அந்தந்த மக்கள் தனித்தனியே புதிதாகப் படைத்திருந்தால் இவ்வளவு ஒழுங்கு அமைவது அரிது. எனவே பழைய உயிரொலி எகரம்தான் என்கிறேன். ஈற்றிலுள்ள ஆ, இயா, இ ஆகிய ஒட்டுகளைக் களைந்தால் 'பெர்ப்பெல்' கிடைக்கிறது. எங்கும் எழுதிக் கிடைக்காத, கணித்தெடுத்த வடிவம் என்பதைக் காட்ட மொழியியலாளர் இத்தகைய சொல்லுக்கு முன் ஓர் உடுக்குறி இடுவார்கள்.

ரகரத்தில்தான் எச்சரிக்கை தேவை. மெக்ரேலியம், லாஸ் இரண்டிலும் அது இருப்பதால் இரண்டு சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது. அவை சான் என்ற ஒரே கிளையில் பிறந்தவை; சாட்சி ஒன்றுதான். ஆயினும் ரகரமும் லகரமும் ஒரே சொல்லில் நெருங்கி நின்றால் ஒன்று தேய்ந்துபோவது பல மொழிகளில் காண்பதே. ஜார்ஜிய நாவில் தேய்ந்தது ரகரம் என்பதே என் துணிபு.