கடையில் பெரிசு, வீட்டில் சிறிசு: கம்பளத்தின் அளவுக் கணக்கு

கடைச் சுவரில் தொங்கியபோது அந்தக் கம்பளம் ‘இவ்வளவு பெரிசா, கூடம் தாங்குமா?’ என்று யோசிக்க வைத்தது. வீட்டுக்கு வந்து விரித்தால், யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி தரை நடுவில் கிடந்தது. சந்தேகத்தில் டேப்பை எடுத்து அளந்தேன். 5 அடிக்கு 8 அடி, சொன்ன அளவு சரியாகவே இருந்தது. ஏமாற்றியது கடைக்காரர் இல்லை, என் கண்.

எப்படி என்று பார்ப்போம். 8 அடி, அதாவது சுமார் 2.4 மீட்டர் நீளக் கம்பளம், அடிப்பக்கம் தரையைத் தொடும்படி சுவரில் தொங்குகிறது. நீங்கள் 2 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளத்தின் அடியிலிருந்து உச்சி வரை உங்கள் பார்வையில் ஏறத்தாழ 61 பாகை அடைபடும். அதே கம்பளத்தை, அதே 2 மீட்டர் தள்ளித் தொடங்கி, உங்களுக்கு எதிரே நீளவாக்கில் தரையில் விரித்தால் வெறும் 18 பாகைதான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ‘சாய்வாகப் பார்க்கிறோம், நிஜத்தில் இன்னும் நீளம்’ என்று மூளை திருத்தம் போடத்தான் செய்கிறது. ஆனால் முழுசாகப் போடுவதில்லை.

இதோடு இன்னொரு மாயமும் சேர்ந்துகொள்கிறது. 1865-இல் பெல்ஜிய அறிஞர் ஜோசப் டெல்பூஃப் எடுத்துக்காட்டியது அது. ஒரே அளவில் இரண்டு வட்டங்கள். ஒன்றைச் சுற்றி நெருக்கமாக ஒரு வளையம். மற்றதைச் சுற்றி எட்டத்தில் ஒரு பெரிய வளையம். நெருக்க வளையத்துக்குள் இருப்பது பெரிசாகவும், எட்ட வளையத்துக்குள் இருப்பது சிறிசாகவும் தெரியும். வீட்டில் கம்பளம்தான் வட்டம், சுவர்தான் வளையம். ஆக, கம்பளம் எவ்வளவு பெரிசு என்பதைவிட அதைச் சுற்றி எவ்வளவு தரை மிஞ்சுகிறது என்பதைத்தான் கண் எடைபோடுகிறது.

12 அடிக்கு 15 அடி கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என் 5-க்கு 8 கம்பளத்தைப் போட்டால் நாலு பக்கமும் மூன்றரை அடி வெறுந்தரை. 9-க்கு 12 போட்டால் நாலு பக்கமும் ஒன்றரை அடி. வீட்டு அலங்காரம் செய்பவர்கள் ‘சுவரிலிருந்து ஒன்றரை அடி விடுங்கள்’ என்று சொல்வது இதைத்தான். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் உறைக்கும்: 5-க்கு 8 என்றால் 40 சதுர அடி, 8-க்கு 10 என்றால் 80. பெயரில் இரண்டு மூன்று அடிதான் கூடியிருக்கிறது, பரப்போ இரட்டிப்பாகிவிட்டது.

சரி, சோபாவின் கால்கள் கம்பளத்தின் மேல் இருக்க வேண்டுமா, வெளியே இருக்கலாமா? என்னைக் கேட்டால், கூடத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். ஒரே எல்லைக்குள் இருக்கும் பொருள்களை நம் கண் ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடும் என்று உளவியலாளர் ஸ்டீபன் பால்மர் 1992-இல் எழுதினார். இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் நடுவே எல்லைக்கோடு ஓடினால் பிரிந்து தெரியும். தள்ளித் தள்ளி இருந்தாலும் ஒரே கட்டத்துக்குள் இருந்தால் சேர்ந்து தெரியும். 1994-இல் அவரும் இர்வின் ராக்கும், ஒன்றோடொன்று இணைந்திருப்பதையும் கண் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது என்று சேர்த்துச் சொன்னார்கள். சோபாவின் முன்கால்கள் மட்டும் கம்பளத்தின் மேல் ஏறினாலே போதும் என்று சொல்வதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. சோபா, நாற்காலி, டீப்பாய் எல்லாம் ஒரு குழுவாகிவிடும். டீப்பாய் மட்டும் கம்பளத்தில் நின்று, மற்றவை சுற்றி வெளியே நின்றால், ஏதோ சண்டை போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பவர்கள் மாதிரிதான் இருக்கும். அகலமும் சோபாவைவிடப் பக்கத்துக்கு அரை அடியாவது கூடுதலாக இருக்கட்டும்.

சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் அழகு இரண்டாம்பட்சம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழும்போது அதன் பின்கால்கள் கம்பளத்தைத் தாண்டி இறங்கிவிட்டால், நாற்காலி லேசாகப் பின்பக்கம் சாயும். திரும்ப உள்ளே இழுக்கும்போது கால் விளிம்பில் இடித்து, கம்பளத்தையே சுருட்டிக்கொண்டு வரும். எனவே மேஜையின் ஒவ்வொரு பக்கமும் 2 முதல் இரண்டரை அடி கூடுதல் வேண்டும். 3-க்கு 5 மேஜைக்கு நாலு பக்கமும் இரண்டரை அடி சேர்த்தால் 8-க்கு 10.

படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கம்பளம் யார் கண்ணிலும் படாது, யார் காலிலும் படாது. காலையில் கால் இறங்கும் இடம்தான் கணக்கு. டைல்ஸும் கம்பளமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் டைல்ஸ் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடுகிறது, இழைகளுக்கிடையே காற்றை அடைத்து வைத்திருக்கும் கம்பளம் அப்படி உறிஞ்சுவதில்லை. அதனால்தான் ஒன்று சில்லென்றும் மற்றது இதமாகவும் இருக்கிறது. 5 அடி அகலக் கட்டிலுக்குக் குறுக்கே 10 அடி விழும்படி போட்டால் இரு பக்கமும் இரண்டரை அடி கிடைக்கும். சிக்கனம் வேண்டுமா, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள விரிப்புகள் போதும்.

பெரிய கம்பளத்துக்குப் பலர் நினைத்துப் பார்க்காத ஒரு லாபமும் உண்டு: எதிரொலி குறையும். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியாமல் போக, வாலஸ் சாபின் என்ற இயற்பியலாளர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. உறிஞ்சும் பரப்புதான் விஷயம் என்பதால் 80 சதுர அடிக் கம்பளம் 40 சதுர அடியைப்போல இரண்டு மடங்கு உறிஞ்சும். ஆனால் கூர்மையான ஒலிகளைத்தான். தடதடவென்ற ஆழ்ந்த ஒலிகளை மெல்லிய கம்பளம் அவ்வளவாகத் தடுக்காது.

அடுத்த முறை வாங்கப் போகுமுன் ஒரு பழைய போர்வையை நினைத்த அளவுக்கு மடித்துத் தரையில் போட்டுவிட்டேன். அன்று முழுக்க அதன் மேல்தான் நடமாட்டம். நாற்காலி இழுத்து உட்கார்ந்தோம், எழுந்தோம். சாயங்காலம் கதவைத் திறந்தபோது அது போர்வையில் மாட்டியது. அரை அடி உள்ளே மடித்தேன். அந்த அளவைத்தான் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.