விதானையா, ஊர்மூப்பரா?

வேடரைப் பற்றியோ மலைவாழ் குடிகளைப் பற்றியோ எழுதும்போது அவர்களின் ஊர்த் தலைவரை ‘விதானை’ என்று போட்டுவிடுகிறோம். திருகோணமலையில் அது தன்னால் வந்துவிழும் சொல். விதானை எனப்பட்ட கிராமத் தலைமைக்காரர் பதவி 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். இன்று கிராம உத்தியோகத்தர். ஆனாலும் வதிவிடச் சான்றிதழ் எடுக்கப் போகிறவர் “விதானையாரிட்டப் போய்ட்டு வாறன்” என்றுதான் சொல்வார். வயலில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிறவரும் வட்டவிதானைதான்.

சிங்கள ‘விதானே’யிலிருந்து வந்தது இது. மூலம் வடமொழி, ஏற்பாடு, கட்டளை என்று பொருள். (கோயில் மண்டபத்து விதானம் வேறு சொல். வடமொழியில் எழுத்தே வேறு, தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிட்டன.) மேலிடத்துக் கட்டளையை ஊரில் நடத்திவைப்பவர் விதானை. வெள்ளைக்காரன் காலத்தில் அவருக்கு மேலே உடையார். கொட்டியாரம், கட்டுக்குளம், தம்பலகாமம் பற்றுகளில் (நிர்வாகப் பிரிவுகளில்) வன்னியனார். எல்லாருக்கும் மேலே கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம்.

காட்டுக்குடிகளின் தலைமைக்கு இந்தப் படிவரிசை பொருந்தாது. கேரளத்து அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களுக்குத் தலைவர் மூப்பன். அவருக்குத் துணையாக நின்று ஊரைக் கூட்டுபவர் குறுதலை. ஊர்ப் பொதுச்சொத்தைப் பார்ப்பவர் வண்டாரி. மண்ணின் குணமும் விதைக்கும் காலமும் அறிந்து, விதைப்பைத் தொடங்கிவைப்பவர் மண்ணுக்காரன். குறுதலை, மண்ணுக்காரன்: நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத பெயர்கள். வேளாண்மை செய்கிற நம்மூரில் மண்ணுக்காரனுக்கு ஒரு பதவி இல்லாமல் போனது குறைதான்.

மூப்பன் ‘மூ’ என்ற வேரில் பிறந்தது. முதிர்தல் என்று பொருள். மூத்தோர், மூதாளர் எல்லாம் அந்த உறவு. கொட்டியாரக் குடாக் கரையிலிருக்கும் மூதூரும் அதே குடும்பம்தான். இந்த மூப்பு வெறும் வயதுக் கணக்கல்ல. பல இடங்களில் தலைமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். இலங்கையில் தம்பானை ஊர் வேடர்களின் தலைவர் திசாஹாமி 1998இல் காலமானபின் மகனே அந்த இடத்துக்கு வந்தார். கச்சேரி நியமனக் கடிதம் எதுவும் தேவைப்படவில்லை.

பொதுச்சொல் வேண்டுமானால் ‘ஊர்மூப்பர்’ என்று எழுதலாம். ‘ஊர்’ சேர்ப்பது நல்லது. தமிழகத்தில் மூப்பனார் என்பது சாதிப் பட்டமுமாகும். அந்தக் குடிக்கே சொந்தப் பெயர் இருந்தால் அதுவே முதலில் வரட்டும்: ஜார்க்கண்டின் முண்டா மக்களிடம் ஊர்த் தலைவர் ‘முண்டா’, பல ஊர்களுக்குத் தலைவர் ‘மான்கி’. வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழே பேசுகிறார்கள். தங்கள் பெரியவரை அவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே எழுதினால் போதும். அந்த ஊருக்கு அரசாங்கம் போட்ட உத்தியோகத்தரை மட்டும் தாராளமாக விதானையார் என்னலாம்.