சைக்கிள் பின்வீலில் கம்பி அடிக்கடி உடைகிறதா?

ஒரு போக்ஸ் கம்பி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதே வீலில் மூன்றாவதும் உடைந்தால், 36 கம்பியையும் மாற்றிக் கோர்ப்பதே சரி. மிச்சமிருப்பவையும் அதே அளவு களைத்தவைதான். அதிகம் இறுக்கியதால் உடைந்தது என்று நினைத்துப் பலர் எல்லாவற்றையும் தளர்த்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாரம் ஏறியதும் தரைப்பக்கக் கம்பிகள் இறுக்கம் குறைந்து, மேலே போனதும் பழைய இறுக்கத்துக்குத் திரும்புகின்றன. கம்பி ஏற்கெனவே தொளதொளப்பாக இருந்தால், வீலின் நடுவிலுள்ள ஹப்பின் துளையில் அதன் வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து அசைந்து அங்கேயே ஒடிகிறது.

பின்வீலின் பல்சக்கரம் திருகு ஃப்ரீவீலாக (ஹப்பில் திருகி மாட்டியதாக) இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். கம்பிகள் போன பிறகு பிடித்துத் திருக ரிம் இருக்காது. பிறகு இரு பக்கத்திலும் ஒவ்வொரு கம்பியை அளந்துகொள்ளுங்கள்; கியர் சைக்கிளில் வலப்பக்கக் கம்பி பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. குட்டை. நீளம் கூடினால் கம்பி, ரிம்மில் அதைப் பிடிக்கும் சிறு நட்டான நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும்.

ஹப்பின் ஒரு பக்கத்துக்கு 18 துளை. ஒன்றுவிட்டு ஒன்றாக 9 கம்பி போட்டு, வால்வு துளைக்கு அடுத்த துளையில் தொடங்கி, ரிம்மில் மும்மூன்று துளை விட்டு மாட்டுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஹப்பைத் திருப்பி, மீதிக் கம்பிகள் ஒவ்வொன்றும் அதே பக்கத்தில் எதிர்த்திசையில் சாயும் கம்பிகள் மூன்றைக் கடக்குமாறு கோர்க்க வேண்டும். மூன்றாவதை மட்டும் மறுபுறமாகப் பின்னிக் கடக்கவேண்டும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் அவசியம்.

இறுக்குவதில்தான் பொறுமை வேண்டும். டியூப் பக்கமிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். ஒரு சுற்றுக்கு நிப்பிளில் அரைத் திருகு, கடைசியில் கால் திருகு. சைக்கிளைக் கவிழ்த்து, பிரேமில் ஒரு பிளாஸ்டிக் டேகை (கேபிள் டை) கட்டி ரிம்மை ஒட்டி நிறுத்தினால் கோட்டம் தெரியும். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அங்கே இடக்கம்பியை இறுக்கி, வலக்கம்பியை அதே அளவு தளர்த்துங்கள். பக்கக் கோட்டம் அரை மி.மீ.க்குள் வரவேண்டும்.

கோட்டம் போனதும் நிறுத்திவிடுவதுதான் பெரும் தவறு. கம்பியைச் சுண்டிக் கேளுங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கியர் வீலில் இடப்பக்கச் சுருதி தாழ்வாக இருப்பது இயல்பு. அடுத்து, இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழியுங்கள். முறுக்கேறிய கம்பி ‘டிங்’ என்று விடுபடும். கோட்டம் கொஞ்சம் திரும்பும். மறுபடி எடுங்கள். பிழிந்தாலும் சத்தம் வராத வரை ஓட்ட வேண்டாம்.