கும்மியில் எலக்ட்ரான் வந்த கதை

2025-ஐ ஐ.நா. சபை சர்வதேசக் குவாண்டம் அறிவியல் தொழில்நுட்ப ஆண்டாக அறிவித்திருந்ததால், நான் இயற்பியல் எடுக்கும் கல்லூரியிலும் விழாவுக்கு அதைப் பற்றி ஏதாவது போடச் சொன்னார்கள். ஈரோட்டுப் பக்கம் விழா என்றால் வள்ளி கும்மி இல்லாமல் தீராது. சரி, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று கோபிக்குப் பக்கத்திலிருந்து ஒரு கும்மி ஆசிரியரைப் பிடித்தேன். குவாண்டம் என்றாலே எல்லோரும் சொல்லும், பெட்டிக்குள் ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்கும் அந்தப் பூனை மட்டும் வேண்டாம் என்று முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். 1935-இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அந்தப் பூனையைக் கொண்டுவந்ததே, குவாண்டம் கோட்பாட்டை அங்கே வரை இழுத்தால் எவ்வளவு அபத்தமாகிறது என்று காட்டத்தான். மேடையில் ஏறினால் அது மாயாஜாலமாகிவிடும்.

எடுத்துக்கொண்டது இரட்டைப் பிளவுச் சோதனை. இரண்டு வழி இருக்கும் இடத்துக்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், எதிர்த்திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால் புள்ளிகள் வரி வரியாக நிற்கும். ஜப்பானின் டொனோமுரா குழு 1989-இல் இதைப் படமாகவே காட்டியது.

கும்மி வரிசை இரண்டாகப் பிரிந்து இரண்டு வாசலிலும் நுழையட்டும் என்பது என் திட்டம். ஒத்திகையில் அழகாகத்தான் இருந்தது, ஆனால் தப்பு. எலக்ட்ரான் பாதி பாதியாகப் பிய்ந்து போகிறது என்றல்லவா அர்த்தமாகிறது? பாதி எலக்ட்ரானை எந்தத் திரையிலும் யாரும் கண்டதில்லை. நான் விழித்துக்கொண்டிருக்க, ஆசிரியர் கேட்டார்: "ஏனுங்க சார், புள்ளைங்க எதுக்கு எலக்ட்ரானா வரோணும்? தட்டு மட்டும் போகட்டுமுங்க, ஆள் போக வேண்டாம்."

அதற்குப் பிறகு வாசலில் யாரும் நடக்கவில்லை. இரண்டு வாசலிலும் நின்று கைதட்டினார்கள், அவ்வளவுதான். எலக்ட்ரானின் அலை இரண்டு வழியிலும் போகிறது என்பதற்கு அந்தத் தட்டுதான் அடையாளம். இரண்டு தட்டும் ஒன்றாக விழும் இடங்களில் சலங்கை ஒலிக்கலாம். ஒன்றுக்கொன்று எதிராக விழும் இடங்களில் கூடாது. சலங்கை ஒலித்த இடத்தில் ஒரு அகல் விளக்கு, அதுதான் திரையில் விழும் புள்ளி. எங்கே ஒலிக்கும் என்பதை மேடையிலேயே சீட்டு எடுத்து முடிவு செய்தோம். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கவில்லை. அடுத்த அடி தெரியாமல் எப்படி ஆடுவது என்றார்கள். அட, எனக்கும்தான் தெரியாது என்றேன். பத்து விளக்குவரை இறைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அறுபது ஆனதும் வரிகள் தெரிந்தன.

அடுத்து, எந்த வழி என்று கவனித்தால் வரிகள் அழியும் என்பதைக் காட்ட வேண்டும். வாசலில் தீப்பந்தத்தோடு ஒருவரை நிறுத்தினேன். பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: மனிதன் பார்த்ததும் பொருள் மாறுகிறது, ஆக மனசுக்குச் சக்தி உண்டு. குவாண்டம் பெயரில் சரக்கு விற்பவர்கள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுவே. இயற்பியலில் 'அளவீடு' என்பதற்குக் கண்ணோ மனசோ தேவையில்லை. எந்த வழியில் போனது என்ற தடயம் எங்கேயாவது பதிந்தாலே போதும், யாரும் அதைப் படிக்காவிட்டாலும் வரி போய்விடும்.

இதைச் சொன்னதும் ஆசிரியர், "அப்ப ஆள் எதுக்குங்க? வாசப்படில கோலமாவைத் தூவுங்க, தடம் விழுந்துட்டுப் போகுது" என்றார். இருபது வருடப் பாடத்தில் எனக்கு இப்படி ஒரு விளக்கம் தோன்றியதில்லை. பந்தத்தைத் தூக்கிவிட்டோம். இப்போது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வாசலில் மாவில் ஒரு தடம் விழும். சீட்டு எடுக்கும் பையையும் மாற்றிவிட்டோம், இதில் தட்டுகள் எதிராக விழும் இடங்களுக்கும் சீட்டு உண்டு. விளக்குகள் வரியில்லாமல் பரவிக் கிடந்தன, மாவை யாரும் குனிந்து பார்க்கவே இல்லை.

இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு: கலைஞரை எழுதி முடித்த வசனத்தோடு கூப்பிடாதீர்கள். குழம்பி நிற்கும்போதே கூப்பிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெரியவர் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி நீட்டினார். "இதுலயும் குவாண்டம்னுதாங்க போட்டிருக்குது. உடம்புக்குச் சக்தின்னாங்க." இப்படி விற்ற சில பதக்கங்களில் கதிர்வீச்சு இருப்பதாக 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருந்தது. எல்லாமே அப்படி என்றில்லை. ஆனாலும் ஆய்வகத்தில், கதிர்வீச்சைக் கண்டால் 'டிக்' என்று ஒலிக்கும் கைகர் கருவியின் முன் வைத்துப் பார்த்தோம். வெறும் மேசையில் விட்டு விட்டு வந்த 'டிக்' சத்தம், பதக்கத்தை வைத்ததும் படபடவென்று கூடியது. பெரியவர் அதைத் திரும்ப வாங்கவில்லை. குப்பையில் போட்டுவிடலாமா என்றார். வேண்டாமுங்க என்று சொல்லி ஒரு டப்பாவில் மூடி, தேதி எழுதி, பூட்டி வைத்திருக்கிறோம்.