கார்டியன் என்றால் காப்பாளர்

பள்ளிக்கூட ரேங்க் கார்டின் அடியில் ஒரு கோடு இருக்கும், ‘பெற்றோர் / கார்டியன் கையொப்பம்’ என்று. அப்பா வெளியூரில் இருந்தால் மாமா போடுவார், மாமாவும் இல்லையென்றால் பாட்டியின் கைநாட்டு. கார்டியன் என்ற சொல்லை நம்மில் பலர் முதலில் பார்த்தது அங்கேதான், அதனாலேயே கையெழுத்துப் போடுகிற ஆள் என்ற அளவில் அது மனதில் தங்கிவிட்டது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனை வெட்டிவிட்டான் என்று செய்தி வரும் நாளில் மட்டும் “பெத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?” என்று ஊரே கேட்கும். அந்தக் கேள்விக்கான பதில் கார்டியன் என்ற சொல்லுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது.

சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்குப் பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து போனது. மூலத்தில் அதன் பொருள் விழிப்பாகக் கவனித்திருத்தல். ஹாஸ்டல் வார்டன், ரயில் கார்டு, ஆஸ்பத்திரி வார்டு என்று நாம் அன்றாடம் சொல்கிற எல்லாமே இதன் பங்காளிகள்தான். கார்டியனின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் சட்டத்தில் வார்டு என்றே பெயர். 1890ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் தலைப்பிலேயே இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வரும்.

தமிழில் இதற்குச் சரியான சொல் காப்பாளர். பாதுகாவலர் என்றும் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் அதைக் கேட்டதும் அமைச்சருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் எனக்கு ஞாபகம் வருகிறார். காப்பாளர் அப்படியில்லை. ‘கா’ என்ற ஓரெழுத்து வினையிலிருந்து காவல், காப்பு, காப்பகம், காப்பீடு என்று ஒரு பெரிய குடும்பமே வருகிறது, காத்திருப்பதும் அதில் சேர்த்திதான். விடுதி வார்டனையும் நம் அரசு ஆவணங்கள் விடுதிக் காப்பாளர் என்றே சொல்கின்றன. ஆங்கிலத்தில் பிரிந்துபோன இரண்டு பங்காளிகள் தமிழில் ஒரே சொல்லில் சேர்ந்துகொண்டதைப் பார்க்கும்போது எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

சரி, யார் காப்பாளர்? 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) காப்பாண்மைச் சட்டம் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றது. அந்தப் ‘பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளக்கூடாது, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று கொள்ள வேண்டும் என 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இன்னும் அகலமாகப் பார்க்கிறது, பிள்ளையை உண்மையில் யார் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார்களோ அவர்களும், விசாரிக்கும் குழுமம் ஏற்றுக்கொண்டால், காப்பாளர்தான். வேலைக்காக அம்மா அப்பா திருப்பூரில் இருக்க, ஊரில் பேரனை வளர்க்கிற பாட்டியும் இதில் வரலாம்.

பிள்ளை செய்ததற்குக் காப்பாளர் எவ்வளவு பொறுப்பு என்பதில் நம் சட்டம் ஒரே மாதிரி இல்லை. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி காப்பாளருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். அதே சிறுவன் அரிவாளைத் தூக்கினால் காப்பாளருக்கு இப்படித் தானாக வரும் தண்டனை கிடையாது. சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளஞ்சிறார் நீதிக் குழுமம் பெற்றோரையும் உட்காரவைத்து ஆலோசனை சொல்லலாம், அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக்குப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை அவர்களோடு அனுப்பலாம்.

அமெரிக்காவில் இது வேறு இடத்துக்குப் போய்விட்டது. 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகனில் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி, நான்கு நாள் முன்பு அப்பா வாங்கியது. அன்று காலை அவன் கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தம் வழியும் உடலும் வரைந்து, எண்ணங்கள் ஓய மறுக்கின்றன, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். ஆசிரியர் பார்த்தார், பெற்றோரை வரவழைத்தார்கள், தாளைக் காட்டினார்கள். பெற்றோர் மகனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. அவன் பையைத் திறந்து பார்க்க அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2024இல் பெற்றோர் இருவருக்கும் தனித்தனியாக விசாரணை நடந்து, தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறை.

பெற்றோரைச் சிறையில் போடுவதில் எனக்குப் பொதுவாக உடன்பாடு இல்லை, பல வீடுகளில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கும், விடியற்காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற தாயிடம் எதையெல்லாம் கேட்க முடியும்? ஆனால் கண்ணால் பார்த்த பின்னும் அசையாமல் இருந்தது வேறு கதை. காத்தல் என்ற சொல் அங்கேதான் உடைகிறது.

நம் ஊரில் அதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். குழந்தை பிறந்ததும் கண்ணேறு படாமல் இருக்க மணிக்கட்டில் காப்பு போடுகிறோம், அதே ‘கா’தான். பல ஊர்களில் அதே மணிக்கட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு ஏறியிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிக்குள் இந்த வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. கயிறு பள்ளியில் முளைப்பதில்லை. சாப்பிட உட்காரும் பிள்ளையின் கையில் தட்டு வைக்கிறவருக்கு அது தெரியும்.

அப்புறம் இன்னொரு சொல். பிடிபட்ட சிறுவனை வைக்கும் இடத்துக்குத் தமிழில் கூர்நோக்கு இல்லம் என்று பெயர். அழகான ஆக்கம், சிறுவர் ஜெயில் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதையே எழுதுங்கள், குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்று இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. அந்த இல்லத்தில் அவனை அலுவலர் ஒருவர் உட்காரவைத்து, யாரோடு சுற்றினாய், ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பாய், வீட்டில் யார் உன்னோடு பேசுவார்கள் என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்வார். பல பையன்களிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.